மனச்சுமையை இறக்கும் கை

(வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா நாளில் சாதனைகளை எண்ணிப் பார்ப்பது மரபு. இக்கழகத்தின் மாலை வகுப்பில் அமர்ந்து, இக்கழகம் தந்த நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் படித்தவர்கள் இன்று ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் பொறியாளர்களாகவும் விளங்குகின்றனர். அவர்கள் பெயர்கள் இம்மலரில் இடம்பெறும். பெற வேண்டியதுதான். ஆனால் வேறொரு பட்டியலும் உண்டு. அதனை நாம் எழுதி வைப்பதில்லை. படிக்கச் சென்று பாதியில் திரும்பியவர்கள், திரும்பி வந்து வீட்டின் மூலையில் பேசாது அமர்ந்துவிட்டவர்கள், திரும்பி வராமலே போனவர்கள் ஆகியோரின் பட்டியல் அது. இவர்களுள் பலர் அறிவுக் குறையால் வீழ்ந்தவர் அல்லர். மனத்தின் சுமை தாங்காது வீழ்ந்தவர்கள். அச்சுமையைப் பேசி இறக்குவதற்கு ஒரு முறை உண்டு. அதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகிறேன்.

நான் மருத்துவன் அல்லேன். அரசுப் பள்ளித் தலைமையாசிரியன். ஆயினும் இதனைப் பேசுவதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. அது என் தவற்றிலிருந்து பிறந்த காரணம்.

ஒரு மாணவனின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பில் முதலிடம் பெற்ற மாணவன் ஒருவன், நகரத்தின் பெரிய கல்லூரி ஒன்றில் சேர்ந்தான். கூலித் தொழிலாளியின் மகன். ஊரே திரண்டு பேருந்து ஏற்றி அனுப்பியது. பொங்கல் விடுமுறைக்கு வந்தவன் திரும்பிச் செல்லவில்லை. உண்ணவில்லை, உறங்கவில்லை, எவரோடும் பேசவில்லை. தாயார் காற்றுக் கறுப்பு என்று கயிறு கட்டினார். தந்தை என்னிடம் ஓடி வந்தார். "சார், நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றார்.

நான் சென்றேன். என்ன சொன்னேன் தெரியுமா? "அண்ணல் அம்பேத்கர் படாத பாடா நீ பட்டுவிட்டாய்? வெளிநாட்டில் கற்றுத் திரும்பிய அவருக்கு 1917இல் பரோடாவில் தங்க இடம் இல்லை. விடுதியிலிருந்து துரத்தப்பட்டுப் பொதுப் பூங்காவில் போய் அமர்ந்தார். அவர் படிப்பையும் பணியையும் கண்டு அஞ்சினாரா? உனக்கு என்ன குறை?" என்று கடிந்துகொண்டேன். அவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஊக்கம் ஊட்டிவிட்டதாக எண்ணி வீடு திரும்பினேன். அன்று இரவுதான் தன் உயிரை மாய்த்துக்கொள்ள அவன் எண்ணியிருக்கிறான் என்பதைப் பல மாதங்களுக்குப் பின்னரே அறிந்தேன். நல்வாய்ப்பாக அவன் தங்கை அவனருகில் விழித்திருந்தாள்.

அண்ணலின் வாழ்க்கையில் பாதிப் பாடத்தை மட்டும் நான் சொல்லியிருக்கிறேன். மறுபாதி யாது? பரோடாவில் நேர்ந்ததை அவர் விழுங்கிவிடவில்லை. 'விசாவிற்காகக் காத்திருத்தல்' என்னும் தன்வரலாற்றுக் குறிப்பில் அதனை விரிவாக எழுதி வைத்தார். 18 ஆண்டுகள் கடந்தும் அந்நிகழ்ச்சியை எண்ணுந்தோறும் கண்கள் கலங்குவதை அவர் மறைக்கவில்லை. ஒரு தேசத்தின் சட்டத்தை வகுத்த மேதையே தம் வேதனையைச் சொல்ல வெட்கப்படவில்லை எனின், நம் பிள்ளைகள் ஏன் வெட்கப்பட வேண்டும்?

பின்னர் நிகழ்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு தனியார் ஆலோசகரிடம் அவனை அழைத்துச் சென்றோம். விடுதி அறையில் தன் கட்-ஆஃப் மதிப்பெண்ணைக் கேட்டதையும், அதனைச் சொன்னதும் அறைத்தோழர் ஒருவர் வேறு அறை கேட்டுச் சென்றுவிட்டதையும் அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவர்கள் கேட்டது மதிப்பெண்ணை அன்று, சாதியை என்பது நமக்குத் தெரியும். அந்த ஆலோசகரோ, "இந்தக் காலத்தில் யார் தம்பி சாதி பார்க்கிறார்கள்? நீயாகக் கற்பனை செய்துகொள்கிறாய்" என்றாராம். அவன் முன்னிலும் இறுகிப்போனான். மேலும் இரண்டு மாதங்கள் கழிந்தன.

எங்கள் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்துச் செவிலியர்தாம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வழிகாட்டினார். அங்கு உளவியலர் ஒருவர் வாரந்தோறும் அவனோடு பேசினார். முதல் நாள் அவன் ஏதும் பேசவில்லை. அவர் வற்புறுத்தவும் இல்லை. மூன்றாம் வாரம் கட்-ஆஃப் கதையைச் சொன்னான். "உனக்கு நேர்ந்தது அவமதிப்பு. அவமதிக்கப்பட்டவனுக்கு வலிப்பது நோய் அன்று. அந்த வலி உன் உணவையும் உறக்கத்தையும் பறித்திருக்கிறதே, அதனை மீட்க நாம் இருவரும் சேர்ந்து முயல்வோம்" என்றாராம் அவர். அந்தச் சொல்லில்தான் அவன் எழுந்தான். ஓராண்டுப் படிப்பை இழந்தான், உயிரை இழக்கவில்லை. மீண்டும் சென்று படித்து முடித்து, இன்று பணியில் இருக்கிறான். அவனது இசைவு பெற்றே இதனைக் கூறுகிறேன்; பெயரைக் கூறேன்.

பேச்சு எவ்வாறு மருந்தாகிறது?

கவுன்சலிங் என்றவுடன் உங்களுக்குக் கல்லூரியில் இடம் பெறும் கவுன்சலிங்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது அதுவன்று. பயிற்சி பெற்ற ஒருவர், குறித்த நேரத்தில், குறித்த முறையில், உங்களோடு உரையாடி உங்கள் மனத்தின் இடரைத் தீர்க்கத் துணைபுரிவதே உரையாடல் சிகிச்சை.

நண்பனிடம் பேசினால் போதாதா என்று கேட்கலாம். நல்ல நண்பன் பெரும்பேறு. ஆயினும் நண்பன் அறிவுரை கூறுவான். அல்லது தன் கதையைச் சொல்வான். சில வேளை பிறரிடம் சொல்லியும் விடுவான். சிகிச்சை தருபவர் தீர்ப்புக் கூறாமல் கேட்கப் பயின்றவர். கேட்டதை முறையாக ஆராய்ந்து அடுத்த அடியைக் காட்டத் தெரிந்தவர்.

இம்முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. வியன்னா நகரில் யோசப் புரூயர் என்னும் மருத்துவர் 1880 முதல் 1882 வரை இளம்பெண் ஒருவருக்குச் சிகிச்சை அளித்தார். தன் துயரங்களைச் சொல்லச் சொல்ல நோய்க்குறிகள் தணிவதைக் கண்ட அப்பெண்ணே அதற்குப் 'பேச்சு வைத்தியம்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். புரூயரும் சிக்மண்டு பிராய்டும் 1895இல் இதுபற்றிய நூலை வெளியிட்டனர். பின்னர் 1960களில் அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக், எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் முறையை வகுத்தார். இன்று பெரிதும் கையாளப்படுவது அவ்வழியில் வளர்ந்ததே.

அதன் அடிப்படை எளிது. நிகழ்ச்சி ஒன்று, அதனைப் பற்றி நாம் கொள்ளும் எண்ணம் மற்றொன்று. தேர்வில் ஒரு தாளில் தவறினால் 'இத்தாளில் தவறினேன்' என்று எண்ணுவதும் உண்டு. 'நான் எதற்கும் உதவாதவன்' என்று எண்ணுவதும் உண்டு. இரண்டாம் எண்ணம் வந்தவன் வகுப்புக்குச் செல்ல மாட்டான். செல்லாததால் மேலும் தவறுவான். தவறுவதால் அவ்வெண்ணம் மேலும் வலுப்பெறும். செக்கைச் சுற்றும் மாட்டின் நிலை இது. எந்த இடத்தில் அவ்வட்டத்தை உடைப்பது என்பதைச் சிகிச்சை தருபவர் உங்களோடு சேர்ந்து தேடுவார். இவ்வெண்ணத்திற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று எழுதிப் பார்க்கச் சொல்வார். நாளொன்றுக்குச் சிறு செயல் ஒன்றையேனும் செய்யுமாறு பணிப்பார். எங்களைப் போல அவரும் வீட்டுப்பாடம் தருவார்!

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். 'என்னை எல்லோரும் இழிவாக எண்ணுகிறார்கள்' என்று நம் பிள்ளை சொல்லும்போது, அது தவறான எண்ணமாகவும் இருக்கலாம். கண்கூடான உண்மையாகவும் இருக்கலாம். உண்மையைக் கற்பனை எனக் கூறுவது சிகிச்சை ஆகாது. அநீதியால் விளைந்த வலிக்கு ஆறுதல் ஒன்று, நீதி மற்றொன்று, இரண்டும் வேண்டும். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் செய்ய வேண்டிய பணியை உளவியலர் செய்ய இயலாது. ஆயினும் புகார் எழுதும் கைக்கு நடுக்கம் தீர வேண்டுமல்லவா? அப்பணியை அவர் செய்வார். 2016 சனவரி 17 அன்று ஐதராபாத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். 2019 மே 22 அன்று மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தத்வியை இழந்தோம். போராட்டம் அவர்களுக்குப் பின் எழுந்தது. நம் பிள்ளைகள் உயிரோடிருந்து போராட வேண்டும் என்பதே என் வேட்கை.

எவரிடம் செல்வது?

இத்துறையில் நால்வகையினர் உள்ளனர். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று மனநலத்தில் மேற்படிப்பு முடித்தவர். மருந்து எழுதித் தரும் அதிகாரம் உடையவர். மருத்துவ உளவியலர் உரையாடல் சிகிச்சையில் சிறப்புப் பயிற்சி பெற்றவர்; இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். மனநலச் சமூகப் பணியாளர் நோயுற்றவரின் குடும்பத்தையும் சூழலையும் கருத்திற் கொண்டு உதவுபவர். நான்காமவர் ஆலோசகர், ஆற்றுப்படுத்துநர் என்றும் கூறுவர். இவர்களுள் நன்கு பயின்றோர் பலர் உள்ளனர். எனினும் தக்க பயிற்சியின்றி அப்பெயரைப் பயன்படுத்துவோரும் உண்டு. விசாரித்தே செல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் பேச்சால் தீர்த்துவிட முடியாது என்பதையும் மறவாதீர்கள். காதில் குரல்கள் கேட்பதாகச் சொல்பவர், நாள்கணக்கில் உறங்காது திரிபவர், படுக்கையை விட்டு எழவே இயலாதவர் ஆகியோரை முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருந்தை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. எக்காரணத்தாலும் கட்டிவைக்கக் கூடாது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பி ஓட இயலாமல் 28 பேர் கருகி மாண்டனர். அச்சங்கிலியின் நினைவு நம்மை விட்டு அகலலாகாது.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலத் துறை உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் மனநலக் குழுவினர் பணிபுரிகின்றனர். இவை கட்டணமின்றி நடப்பவை. உங்கள் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேட்டால் எந்த நாளில் எங்குச் செல்வது எனக் கூறுவர். பேருந்துக் கட்டணமும் இல்லையெனின் தொலைபேசி உண்டு. 2022 அக்டோபர் 10 முதல் நடுவண் அரசின் 'டெலி மானஸ்' சேவை இயங்கி வருகிறது. 14416 என்னும் எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் 'சிநேகா' என்னும் தொண்டு நிறுவனம் தற்கொலைத் தடுப்புப் பணியை ஆற்றி வருகிறது.

இது பிச்சையன்று, உரிமை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அரசு நடத்தும் மனநலச் சேவையைப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது. சாதியின் பெயரால் அதில் வேற்றுமை காட்டக்கூடாது என வெளிப்படையாகவே கூறுகிறது. நீங்கள் சொன்னவற்றை இரகசியமாகக் காக்கவும் அது பணிக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதிப் பராமரிக்க வேண்டும் என்பதும் அதன் ஆணை. ஆகவே காவல் நிலையத்துக்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லாதிருக்க வேண்டா.

கேட்க வேண்டிய கேள்விகள்

மருத்துவர் முன் கைகட்டி நிற்பதே நமக்குப் பழக்கமாகிவிட்டது. அதனை விடுங்கள். முதற் சந்திப்பிலேயே மரியாதையோடு சிலவற்றைக் கேளுங்கள். 'தாங்கள் என்ன பயிற்சி பெற்றுள்ளீர்கள், எங்குப் பதிவு செய்துள்ளீர்கள்?' என்பது முதற் கேள்வி. 'நான் சொல்வது எவரிடமும் செல்லாதல்லவா? எந்த நிலையில் பிறரிடம் சொல்வீர்கள்?' என்பது இரண்டாவது. உயிருக்கு ஆபத்து எனில் குடும்பத்தாரிடம் சொல்ல நேரிடும் என்று அவர் விளக்கினால் அது நேர்மையே. 'எத்தனை முறை வரவேண்டும், எவ்வளவு செலவாகும்?' என்பது மூன்றாவது. பெரும்பாலும் வாரம் ஒருமுறை, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். ஆறிலிருந்து இருபது முறை வரை ஆகலாம். நான்காவது கேள்வி நமக்கே உரியது: 'சாதியால் எனக்கு நேர்ந்ததைச் சொன்னால் தாங்கள் அதனை எவ்வாறு எடுத்துக்கொள்வீர்கள்?' இதற்கு அவர் தரும் விடையைவிட, விடை தரும்போது அவர் முகம் எவ்வாறு இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

ஒரே நாளில் குணப்படுத்துவேன் என்பவரையும், தம் சமயத்தைப் போதிப்பவரையும், உங்கள் துயரத்தைக் கேட்டு நகைப்பவரையும், தொடவோ தனியிடத்துக்கு அழைக்கவோ துணிபவரையும் விட்டு விலகுங்கள். ஒருவர் பொருந்தவில்லையெனின் மற்றொருவரிடம் செல்லலாம். எங்கள் மாணவன் முதல் வாசலில் ஏமாற்றமடைந்தான். இரண்டாம் வாசலில் உயிர் பெற்றான். அதற்காகச் சிகிச்சையே வீண் என்று அவன் முடிவு செய்திருந்தால் இன்று நான் இவ்வுரையை வேறு விதமாக ஆற்ற நேர்ந்திருக்கும்.

மூன்று நான்கு சந்திப்புகள் வரை மாற்றம் தெரியாமலும் இருக்கலாம். பேசியபின் அழுகை மிகுவதும் உண்டு. அதனையும் அவரிடமே சொல்லுங்கள்.

கழகத்தின் கடமை

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். மருத்துவர்களும் உளவியலர்களும் போதிய அளவில் இல்லாத நாட்டில் நம்மைப் போன்ற சங்கங்கள் என்ன செய்ய இயலும்?

ஆப்பிரிக்காவின் சிம்பாப்வே நாட்டில் டிக்சன் சிபாண்டா என்னும் மனநல மருத்துவர் 2006இல் ஒரு வழி கண்டார். பணமும் இல்லை, கட்டடமும் இல்லை. அராரே நகரின் ஏழைப் பகுதியான முபாரேயில் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி அளித்தார். சுகாதார நிலையத்துக்கு வெளியே மரப்பலகை இருக்கை ஒன்று, அதில் ஒரு பாட்டி, அருகில் துயருற்றவர். 'நட்பு இருக்கை' என்பது அதன் பெயர். அம்மக்கள் மனச்சோர்வைத் தம் மொழியில் 'மிகுதியாக எண்ணுதல்' என்பர். நம் ஊரிலும் 'யோசனை பிடித்துவிட்டது' என்கிறோமல்லவா? 24 சுகாதார நிலையங்களில் 573 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வு 2016இல் வெளியாயிற்று. பாட்டிமாரோடு பேசியவர்களின் மனச்சோர்வு மற்றவர்களைவிடப் பெரிதும் குறைந்திருந்ததை அது காட்டியது. பட்டம் பெறாத மூதாட்டியரும் முறையான பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தால் பிறர் சுமையை இறக்கலாம் என்பதற்கு அது சான்று.

ஆகவே நம் கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, நம் அறிவிப்புப் பலகையிலும் விடுதிச் சுவர்களிலும் 14416 என்னும் எண் எழுதப்பட வேண்டும். இரண்டாவது, வெளியூருக்குப் படிக்கச் செல்லும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இங்கே ஒரு மூத்தவர் பொறுப்பேற்க வேண்டும். வாரம் ஒருமுறை அழைத்துப் பேச வேண்டும். 'எத்தனை மதிப்பெண்?' என்பதற்கு முன் 'சாப்பிட்டாயா, தூங்கினாயா, யாரோடு பேசுகிறாய்?' என்று கேட்க வேண்டும். ஐயம் தோன்றினால் 'சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் முளைக்காது; கேட்க ஆளிருக்கிறது என்ற தெம்புதான் முளைக்கும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள். உடன் சென்று மருத்துவமனையில் சேருங்கள். மூன்றாவது, நம் பெண்பிள்ளைகளுள்ளும் ஆண்பிள்ளைகளுள்ளும் சிலரேனும் உளவியல் படிக்க வேண்டும். நம் வலியை விளக்கிச் சொல்லாமலே புரிந்துகொள்ளும் உளவியலர்கள் நம்மிடையே தோன்றும் நாளே இக்கழகத்தின் பொன்விழாவுக்கு உகந்த அணிகலன்.

இளைஞர்களே! பழைய பாதைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். நட்ட இரு கற்களின்மேல் கிடத்திய ஒரு கல். தலைச்சுமையோடு வருபவர் குனியாமல், பிறரைக் கெஞ்சாமல், சுமையை அதன்மேல் நகர்த்திவிட்டு இளைப்பாறுவார். பின்னர் தம் சுமையைத் தாமே எடுத்துக்கொண்டு தம் வழியே நடப்பார். சுமையை இறக்கி வைத்தவரை யாரும் வலிமையற்றவர் என்று ஏசியதில்லை. நம் தாய்மாரும் தந்தையரும் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தனர். அவர்களுக்கு அந்தக் கல் வாய்க்கவில்லை. உங்களுக்கு வாய்த்திருக்கிறது. தயங்காமல் இறக்கி வையுங்கள், இளைப்பாறுங்கள், எழுந்து நடங்கள்.

அன்று அம்மாணவனைக் கடிந்துகொண்ட இந்த ஆசிரியன், இன்று உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே. உங்கள் துயரத்தைச் சொல்லுங்கள். நாங்கள் கேட்கக் கற்றுக்கொள்கிறோம்.